டயலை விடுங்கள், மூடியைத் திறந்து பாருங்கள்

பழைய இங்கிலீஷ் பாக்கெட் கடிகாரங்களைச் சேர்ப்பது பற்றி வாசகர்களிடமிருந்து கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த, தனிச் சாவி போட்டு முறுக்குகிற பாக்கெட் கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. டயலில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் சென்னையில் செய்ததா? மாமா இது சுவிஸ் என்கிறார், அப்பா லண்டன் என்கிறார். (மதுரை வாசகர்)

சென்னையில் செய்ததில்லை, அது மட்டும் நிச்சயம். மவுண்ட் ரோட்டின் பழைய, பேர்போன கடிகாரக் கடை அது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தன் பெயரைப் போட்டு விற்றார்கள். இங்கிலாந்திலிருந்தும் வரும், சுவிட்சர்லாந்திலிருந்தும் வரும், அதனால் உங்கள் அப்பா, மாமா இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று டயலைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

பின்மூடியைத் திறங்கள். இரண்டு வட்டமான, தங்க முலாம் பூசிய பித்தளைத் தகடுகள், நடுவில் சின்னச் சின்னத் தூண்கள், மேல் தகட்டின் மீது பேலன்ஸ் சக்கரம் (முன்னும் பின்னும் ஆடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம்) வெளியே தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் அப்பா சொல்வதுதான் சரி. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி விரல் மாதிரி நீளமான பட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தால் மாமா பக்கம் சாய்ந்துகொள்ளலாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், பெயர் வேறு, செய்தவர் வேறு என்பது மெட்ராஸ் கடைக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. இங்கிலாந்திலேயே அப்படித்தான். லண்டன் லட்கேட் ஹில்லில் இருந்த ஜே. டபிள்யூ. பென்சன், மான்செஸ்டரின் எச். சாமுவேல், ஷெஃபீல்டின் ஜே. ஜி. கிரேவ்ஸ் என்று டயலில் பெரிதாகப் பெயர் இருக்கும். இவர்கள் முக்கியமாக விற்பனையாளர்கள். கடிகாரத்தின் உள்ளே இருக்கும் மெஷின், இழைத்து முடிக்காத முரட்டு வடிவத்தில், லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற சின்ன ஊரில் உருவாகும். அப்புறம் லண்டனின் கிளார்க்கென்வெல்லிலோ கவென்ட்ரியிலோ லிவர்பூலிலோ முடித்து வெளியே வரும். டயல் செய்கிறவர் ஒருவர், முள் செய்கிறவர் இன்னொருவர், ஸ்பிரிங்குக்கு ஒருவர், கல் பதிக்க ஒருவர், செதுக்க ஒருவர் என்று பல கைகள் மாறும். அத்தனை பேரில் ஒருவர் பெயர்கூட வெளியே தெரியாது. நான் இந்தக் கடிகாரங்களை விரும்புவதற்கு அந்த முகம் தெரியாதவர்களின் கைத்திறன்தான் முதல் காரணம், அதனால்தான் டயலில் உள்ள பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கேள்வி: இங்கே சந்தைகளில் வெள்ளிப் பாக்கெட் கடிகாரங்கள் நிறைய வருகின்றன. மூடிக்குள் சிங்கம், எழுத்து, நங்கூரம் என்று முத்திரைகள் இருக்கின்றன. இவற்றை வைத்து வருடம் கண்டுபிடிப்பது எப்படி? (லண்டன் ஈஸ்ட் ஹாம் வாசகி)

நடக்கிற சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு. பக்கத்தில் ஊர் முத்திரை இருக்கும்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், வாளும் கோதுமைக் கதிர்க்கட்டுகளும் செஸ்டர். லிவர்பூல், பிரெஸ்காட் பக்கத்துக் கடிகாரங்களில் செஸ்டர் முத்திரை அடிக்கடி வரும். பர்மிங்ஹாமில் முத்திரை போடும் அலுவலகமே 1773-இல்தான் வந்தது, ஆகவே நங்கூரம் போட்ட கேஸை (மெஷினை மூடும் வெளிக்கூட்டை) 1750 என்று ஒருவர் விற்றால் நகர்ந்துவிடுங்கள். அப்புறம் ஓர் ஆங்கில எழுத்து, அதுதான் வருடம். இன்னும் இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்து இருப்பது கேஸ் செய்தவரின் பெயர்ச் சுருக்கம். அவர் கேஸ் மட்டும் செய்தவர், உள்ளே இருக்கும் மெஷினை அவர் செய்யவில்லை.

வருட எழுத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். லண்டனில் 20 எழுத்துகளை ஒரு சுற்றாக வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்தின் வடிவத்தையோ அதைச் சுற்றியுள்ள கேடயத்தையோ மாற்றினார்கள். மற்ற ஊர்களுக்குத் தனித்தனிச் சுற்று, ஓர் ஊர்ப் பட்டியலை வைத்து இன்னோர் ஊர் எழுத்தைப் படிக்கக் கூடாது. லண்டனில் 1796-க்கும் பெரிய எழுத்து 'ஏ', 1876-க்கும் பெரிய எழுத்து 'ஏ'. இரண்டுக்கும் நடுவில் எண்பது வருடம். குழம்ப வேண்டாம், சிறுத்தையின் தலையைப் பாருங்கள். 1821 வரை அதற்குக் கிரீடம் உண்டு, அப்புறம் கிரீடத்தை எடுத்துவிட்டார்கள். கிரீடத்தோடு இருந்தால் 1796, வெறும் தலை என்றால் 1876. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சந்தைக்குப் போக வேண்டாம்.

இரட்டைக் கேஸ் கடிகாரம் என்றால், அதாவது உள்ளே ஒன்று, அதை மூடி வெளியே இன்னொன்று, இரண்டிலும் முத்திரையைப் படியுங்கள். கேஸ் செய்தவரின் எழுத்தும் வருட எழுத்தும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருக்கின்றன என்று நம்பலாம். உள்கேஸின் பின்பக்கத்தில் சாவி போடும் துளை மெஷினின் சாவித் தண்டுக்கு நேராக வருகிறதா, வேறு எங்காவது துளை போட்டு அடைத்த தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அடைத்த துளை இருந்தால் வேறு மெஷினை இந்தக் கேஸில் திணித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. கேஸ் இங்கிலீஷ் என்பதால் மெஷினும் இங்கிலீஷ் என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் வால்த்தம் மெஷின்கள் நிறைய வந்து பர்மிங்ஹாம் கேஸில் குடியேறின. 'ஏ.எல்.டி.' என்ற எழுத்துகள் தெரிந்தால் அது ஆரன் லஃப்கின் டென்னிசன். வால்த்தம் தொழிற்சாலை உருவாகக் காரணமானவர்களில் ஒருவர், பிற்பாடு பர்மிங்ஹாமுக்கு வந்து கேஸ் செய்தார். நல்ல கடிகாரங்கள்தான், வாங்கலாம், ஆனால் இங்கிலீஷ் என்று நினைத்து வாங்கக் கூடாது.

கேள்வி: ஆன்லைன் ஏலத்தில் 'வில்ட்டர், லண்டன்' என்று பெயர் போட்ட கடிகாரம் ஒன்று பார்த்தேன். நிமிட வட்டம் நேராக இல்லாமல் ஒவ்வொரு மணி எண்ணுக்கு மேலும் வளைவு வளைவாக அலங்காரமாக இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு லண்டன் கடிகாரம் என்கிறார்கள். நம்பலாமா? (கோவை வாசகர்)

18-ஆம் நூற்றாண்டு என்பதை நம்பலாம். லண்டன் என்பதைத்தான் நம்ப வேண்டாம்.

அந்தக் காலத்தில் லண்டன் கடிகாரம் என்றால் ஐரோப்பா முழுவதும் தனி மதிப்பு. தாமஸ் டாம்பியன், அவருக்குப் பின் ஜார்ஜ் கிரஹாம் போன்றவர்கள் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. இரண்டு பேரையும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் ஒரே கல்லறையில் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்றால் கடிகாரக்காரர்களுக்கு அன்று இருந்த மரியாதையைப் புரிந்துகொள்ளலாம். அந்தப் பெயரை வைத்துக் காசு பார்க்க, கண்டத்து ஐரோப்பாவில், அதாவது இங்கிலாந்துக்குக் கடல் தாண்டிய பக்கத்தில், டச்சுக்காரர்களின் ரசனைக்கு ஏற்ப மலிவாகச் செய்து 'லண்டன்' என்று பொறித்துவிட்டார்கள். நீங்கள் சொல்லும் வளைவு டயல் அந்த வகையின் அடையாளம். வில்ட்டர், டார்ட்ஸ், சாம்சன் என்ற பெயர்கள் இதில் திரும்பத் திரும்ப வரும்.

உறுதி செய்துகொள்ள மெஷினின் படத்தைக் கேளுங்கள். பேலன்ஸ் சக்கரத்தின் மேல், பூவும் கொடியுமாகத் துளைத்துச் செதுக்கிய ஒரு தகடு இருக்கும். காக் என்பார்கள். இங்கிலீஷ் வேலையில் அதற்கு ஒரே கால், ஒரு பக்கத்தில் ஒரே திருகு. கண்டத்து வேலையில் அது பாலம் மாதிரி இருபுறமும் கால் ஊன்றி, இரண்டு திருகோடு நிற்கும். லண்டன் பெயரும் இரண்டு கால் பாலமும் வளைவு டயலும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதற்காக ஒதுக்கிவிடவும் வேண்டாம். அந்தக் காலத்துப் போலி என்பதாலேயே அதற்கும் ஒரு வரலாறு உண்டு, சிலர் அதை மட்டுமே தேடிச் சேர்க்கிறார்கள். லண்டன் விலை கொடுக்காமல் வாங்கினால் சரி.

கேள்வி: என் கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே நூல் மாதிரி மெல்லிய ஒரு சங்கிலி ஓடுகிறது. எதற்கு? அறுந்தால் கிடைக்குமா? (திருநெல்வேலி வாசகர்)

உங்களிடம் இருப்பது ஃபியூசி கடிகாரம். கொடுத்துவைத்தவர் நீங்கள், இங்கிலீஷ் வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மெயின் ஸ்பிரிங் முழுக்க முறுக்கியிருக்கும்போது பலமாக இழுக்கும், தளரத் தளர இழுவை குறையும். அப்படியே விட்டால் காலையில் ஒரு வேகம், ராத்திரி ஒரு வேகம். அதைச் சமன் செய்யத்தான் ஃபியூசி. பம்பரத்தில் சாட்டை சுற்றியது போல, கூம்பு வடிவ உருளையில் வெட்டிய பள்ளத்தில் அந்தச் சங்கிலி சுற்றிக்கொள்ளும், மறுமுனை ஸ்பிரிங் இருக்கும் டப்பாவோடு சேர்ந்திருக்கும். ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் குறுகிய பக்கத்தை இழுக்கும், அதனால் பலம் முழுதும் போய்ச் சேராது. ஸ்பிரிங் களைத்துப்போகும் நேரத்தில் அகன்ற பக்கத்தை இழுக்கும், சின்னப் பலமே போதும். கூம்பின் வளைவு சரியாக இருந்தால் கடைசி வரை சக்கரங்களுக்குப் போகும் விசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

சங்கிலியை லென்ஸில் பார்த்தால் சைக்கிள் செயின் மாதிரியே இருக்கும், ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணி, நடுவில் ஆணி. ஒவ்வொரு ஆணியும் தலைமுடி அளவு. இதில் பெரும்பகுதி தென் இங்கிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் செய்தது. 1790-இல் ராபர்ட் காக்ஸ் என்பவர் அங்கே பெரிய அளவில் ஆரம்பித்தார், அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். செய்தவர்கள் பெண்கள், சிறுமிகள், ஏழை விடுதியில் இருந்த பிள்ளைகள். மங்கிய வெளிச்சத்தில் இந்த அளவு ஆணியை வைத்துத் தட்டுகிற வேலையில் கண் போய்விடும், போயிருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சங்கிலியும் ஒரு சிறுமி செய்ததாக இருக்கலாம், அதை யோசிக்காமல் என்னால் ஃபியூசி பற்றிப் பேச முடிவதில்லை.

அறுந்தால் புதிதாகத் தேட வேண்டாம். தெரிந்தவர் கையில் கொடுத்தால் உடைந்த கண்ணியை எடுத்துவிட்டு மறுபடி ஆணி அடித்துத் தந்துவிடுவார். இரண்டு முனையிலும் உள்ள கொக்கிகளின் வடிவம் வேறு வேறு, டப்பா பக்கத்துக்கு ஒன்று, கூம்பு பக்கத்துக்கு ஒன்று. பழுது பார்ப்பவர் இரண்டையும் மாற்றிப் போடப் பார்த்தால் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதிகமாகச் சாவி கொடுத்ததால் கடிகாரம் இறுகி நின்றுவிட்டது என்று விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா? வீட்டில் எப்படிப் பராமரிப்பது? (சேலம் வாசகி)

சாவி அதிகமானதால் நிற்பது என்று ஒன்று கிடையாது. ஃபியூசியில் முழுக்க முறுக்கியதும் தடுத்து நிறுத்த ஒரு சின்னத் தடுப்பே வைத்திருக்கிறார்கள். முறுக்கி இருந்தும் ஓடவில்லை என்றால் எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது, அல்லது உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. முதலாவது என்றால் சுத்தம் செய்தால் ஓடும், இரண்டாவது என்றால் செலவு. எது என்று விற்பவருக்கே தெரியாது, ஆகவே உடைந்த கடிகாரத்தின் விலைக்குத்தான் பேச வேண்டும்.

பின்பக்கம் சாவி போடும் ஃபியூசி கடிகாரங்களைப் பெரும்பாலும் இடப்பக்கமாகத் திருக வேண்டும். நமக்குப் பழகிய திசை இல்லை. மெதுவாகத் தொட்டுப் பார்த்து எந்தப் பக்கம் இணங்குகிறதோ அந்தப் பக்கம் போங்கள், முரண்டு பிடித்தால் விடுங்கள். சாவி தண்டில் ஆடாமல் பொருந்த வேண்டும், பெரிய சாவி சதுரத் தண்டின் மூலைகளைத் தேய்த்துவிடும். முள்ளைத் திருப்ப டயலின் நடுவில் சதுரத் தண்டு இருந்தால் அதில் சாவி போட்டு முன்னோக்கி மட்டும் திருப்புங்கள், விரலால் தள்ள வேண்டாம்.

வீட்டில் இருக்கிற தையல் மெஷின் எண்ணெயை ஊற்றாதீர்கள். கடைக்காரரிடம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பேலன்ஸைக் கழற்றும் முன் மெயின் ஸ்பிரிங்கை எப்படித் தளர்த்துவீர்கள்?" ஸ்பிரிங் இறுகியிருக்கும்போதே பேலன்ஸை எடுத்தால் பழைய வெர்ஜ் கடிகாரத்தில் (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடும் மிகப் பழைய முறை அது) எல்லாச் சக்கரமும் ஒரேயடியாகச் சுழன்று ஓடும், பல்லும் போகும், சங்கிலியும் அறுந்துபோகும். இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிறவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: வெள்ளிக் கேஸ் கறுத்திருக்கிறது. பாலிஷ் போடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஒவ்வொரு பாலிஷிலும் முத்திரை கொஞ்சம் தேயும், முத்திரை தேய்ந்தால் கடிகாரத்தின் பிறந்த தேதியே போச்சு. ரப்பர் பேண்டு போட்டு வைக்காதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியை இன்னும் கறுக்க வைக்கும்.

கேள்வி: மெஷினில் பெரிய சிவப்புக் கற்கள் பதித்திருக்கிறது. நடுவில் ஒன்று வைரம் மாதிரி மின்னுகிறது. நிஜக் கல்லா? எடுத்து விற்றால் என்ன கிடைக்கும்? (காரைக்குடி வாசகர்)

நிஜக் கல்தான், வைரமும் நிஜமாக இருக்கலாம். இங்கிலீஷ் மெஷின்களில் பேலன்ஸ் தண்டின் மேல்முனை வந்து முட்டும் இடத்தில் சின்ன வைரம் வைப்பது வழக்கம். ஆனால் எடுக்காதீர்கள், நகைக்கடையில் அவற்றுக்கு ஒரு விலையும் இல்லை, எடுத்தால் கடிகாரம் செத்துவிடும்.

தண்டு தேயாமல் சுழல கல்லில் துளை போடும் வித்தைக்கு 1704-இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார்கள். வாங்கியவர் நிக்கோலா ஃபாட்டியோ, சுவிஸ்காரர், நியூட்டனின் நண்பர். கூடவே டெபாஃபிர் என்ற இரண்டு கடிகாரக்காரர்கள். அதற்கப்புறம் வெகுகாலம் இந்த வேலை இங்கிலாந்துக்காரர்கள் கையிலேயே இருந்தது. பிற்பாடு லிவர்பூல்காரர்கள் கல்லைத் தேவைக்கு மேல் பெரிதாக, ஜன்னல் மாதிரி தெரியும்படி வைத்தார்கள், 'லிவர்பூல் ஜன்னல்' என்றே பெயர். உங்களுடையது அதுவாக இருக்கலாம். அழகான சாமான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேஸ் இல்லாமல் வெறும் மெஷின் மட்டும் மலிவாக விற்கிறார்களே, ஏன்? (புதுச்சேரி வாசகர்)

தங்கத்துக்காகக் கேஸை உருக்கிவிட்டார்கள். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் இது நடந்திருக்கிறது. விக்டோரியா காலத்தில் இன்னொரு கொடுமை, பழைய வெர்ஜ் கடிகாரங்களின் செதுக்கிய காக்குகளைப் பிடுங்கி வரிசையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கழுத்துமாலைக்கு எத்தனை கடிகாரம் போயிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

படிப்பதற்கு வெறும் மெஷின் மிக நல்லது. கையில் அதிகப் பணம் இல்லாதவர்களுக்கு என் முதல் யோசனையே அதுதான், ஒரு கண்ணாடி மூடிக்குள் வைத்தால் எல்லாப் பக்கமும் பார்க்கலாம். ஆனால் அதற்கு எங்கிருந்தாவது ஒரு கேஸைத் தேடி மாட்டி விற்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்த இங்கிலாந்து ஏன் கடிகாரத் தொழிலை இழந்தது? (கவென்ட்ரி வாசகர்)

கையால் செய்வதைக் கைவிட மனமில்லை. 1840-களில் இங்கோல்ட் என்ற சுவிஸ்காரர் லண்டனில் இயந்திரங்களை வைத்துக் கடிகார பாகங்கள் செய்யக் கம்பெனி ஆரம்பித்தார். தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்து அதை எழவிடவில்லை. அதே யோசனையை அமெரிக்கர்கள் எடுத்து, ஒரு பாகம் போனால் அதே அளவில் இன்னொன்றைப் போடலாம் என்ற நிலைக்குக் கொண்டுபோனார்கள், சுவிஸ்காரர்களும் பின்னாலேயே போனார்கள். பிரெஸ்காட்டில் லங்காஷயர் வாட்ச் கம்பெனி என்று 1889-இல் பெரிய தொழிற்சாலை வந்தது, இருபது வருடம் தாண்டியதும் மூடிவிட்டார்கள். ரொம்பத் தாமதம். ஃபியூசி தேவைப்படாத நல்ல ஸ்பிரிங்குகள் வந்த பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். சேர்ப்பவனாக எனக்கு அது வரம், பிழைப்புக்கு அதை நம்பியிருந்த உங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு அது பெரிய அடி.

கேள்வி: முதல் கடிகாரமாக எதை வாங்கலாம்? (திருச்சி வாசகி)

1840-லிருந்து 1880-க்குள் செய்த, வெள்ளிக் கேஸ் போட்ட ஃபியூசி லீவர் ஒன்று. வெர்ஜ் செய்யும் அதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும் முறைதான் லீவர். லீவர் முறையைத் தாமஸ் மட்ஜ் 1750-களிலேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் இங்கிலாந்தில் அது பரவலாகப் பல பத்து வருடம் ஆயிற்று. அதற்கு முந்தைய வெர்ஜ் அழகுதான், ஆனால் நாளுக்குச் சில நிமிடம் முன்னே பின்னே போகும், பழுது பார்க்கவும் ஆள் குறைவு. லீவர் என்றால் நன்றாகச் சுத்தம் செய்தால் தினமும் கையில் வைத்துப் பயன்படுத்தலாம். பிரபலமில்லாத பெயர் போட்டது சில நூறு பவுண்டுக்குள் கிடைக்கும். அரைகுறையாகப் பத்து வாங்குவதைவிட முழுதாக ஒன்று வாங்குங்கள்.

லண்டன் போகிற வாய்ப்பு இருந்தால் வாங்கும் முன் பிரிட்டிஷ் மியூசியத்தின் கடிகாரப் பகுதியையும், சயின்ஸ் மியூசியத்தில் கடிகாரக்காரர்கள் சங்கத்தின் சேகரிப்பையும் பார்த்துவிடுங்கள். கிரீனிச்சில் ஜான் ஹாரிசனின் எச்4 இருக்கிறது. கடலில் தீர்க்கரேகை காண 1759-இல் முடித்த கடிகாரம், வடிவத்தில் பெரிய பாக்கெட் கடிகாரமேதான். நல்ல வேலை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் சந்தையில் பாதி ஏமாற்று தானாகத் தெரியும்.

ஆன்லைனில் வாங்குவதானால் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: டயல் நேராக, மூடியின் உட்பக்க முத்திரை, தூசி மூடியைக் கழற்றிய மெஷின், பக்கவாட்டில் சங்கிலி தெரிகிற மாதிரி ஒன்று. டயல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு "நன்றாக ஓடுகிறது" என்று எழுதுகிறவரிடம் பணத்தை அனுப்பாதீர்கள்.